அழற்சியும் தற்கொலை அபாயமும்: மனச்சோர்வில் உடலின் பங்கு

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021ஆம் ஆண்டில் ஏறத்தாழ 7,27,000 பேர் தற்கொலையால் உயிரிழந்தனர். அவர்களில் 73 விழுக்காட்டினர் குறைந்த வருவாய், நடுத்தர வருவாய் நாடுகளைச் சேர்ந்தவர்கள். தற்கொலைக்கு இட்டுச்செல்லும் காரணிகளுள் மனச்சோர்வு நோய் முதன்மையானது என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை. ஆயினும் இந்நோய்க்கு ஆட்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தற்கொலையால் இறப்பதில்லை. ஆகவே மனச்சோர்வு ஏன் வருகிறது என்ற கேள்வியோடு, அது எவரிடத்தில், எந்நிலையில் உயிருக்கே ஊறாக மாறுகிறது என்ற கேள்வியையும் மருத்துவம் தனியே எழுப்ப வேண்டியிருக்கிறது.

இக்கேள்விக்கு உயிர்வேதியியல் வழியில் விடை தேடும் முயற்சி புதிதன்று. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த மரி ஓஸ்பெரியும் அவருடைய குழுவினரும் 1976இல் வெளியிட்ட ஆய்வு, மூளையின் செய்திகடத்தும் பொருள்களுள் ஒன்றான செரட்டோனின் சிதைந்து உருவாகும் பொருள், தற்கொலைக்கு முயன்ற நோயாளிகளின் மூளைத் தண்டுவட நீரில் குறைந்து காணப்பட்டதை எடுத்துரைத்தது. அதன்பின் வந்த ஆய்வாளர்கள் பலரும் செரட்டோனினையே மையமாகக் கொண்டனர். கடந்த முப்பது ஆண்டுகளில் அதனோடு மற்றொரு தடயமும் சேர்ந்துள்ளது. உடலைக் காக்கும் நோய் எதிர்ப்பு மண்டலம் தூண்டிவிடும் அழற்சி, மனச்சோர்வு நோயாளிகளுள் ஒரு பகுதியினரிடம் தற்கொலை எண்ணத்தோடும் முயற்சியோடும் தொடர்புடையதாகத் தெரியவந்திருப்பதே அது. இத்தொடர்புக்கான சான்றுகள் எவை, ஒவ்வொன்றும் எவ்வளவு பாரம் தாங்கும், மருத்துவமனைகளிலும் குடும்பங்களிலும் அவை எதை மாற்ற வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

அழற்சியும் நோயுற்ற நடத்தையும்

உடலில் காயமோ கிருமித் தொற்றோ நேரும்போது அவ்விடத்தில் சிவத்தலும் வீக்கமும் சூடும் வலியும் தோன்றுகின்றன. இரத்த வெள்ளணுக்கள் அவ்விடத்தில் திரண்டு, பாதிப்பை அகற்றித் திசுவைச் சீராக்கும் இச்செயலே அழற்சி. இவ்வணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் சிறு புரதங்கள் சைட்டோகைன்கள் எனப்படுகின்றன. இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-1 பீட்டா, கட்டி நசிவுக் காரணி-ஆல்ஃபா ஆகியவை அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்களுள் முக்கியமானவை. இன்டர்லூக்கின்-6 கல்லீரலை அடையும்போது அங்கே சி-ரியாக்டிவ் புரதம் மிகுதியாகச் சுரக்கிறது; மருத்துவர்கள் இரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி. என்று அளப்பது இதையே. கடும் தொற்றில் இதன் அளவு பன்மடங்கு உயரும். ஆனால் மனச்சோர்வு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கருத்தில் கொள்வது, காய்ச்சலோ வெளிப்படையான வலியோ இன்றி மாதக்கணக்கில் நீடிக்கும் மெல்லிய அழற்சியையே.

சைட்டோகைன்கள் உருவாகும் இடத்தோடு நின்றுவிடுவதில்லை. இரத்த மூளைத் தடுப்பு மெலிந்திருக்கும் பகுதிகளின் வழியாகவும், வயிற்றையும் நெஞ்சையும் மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பின் வழியாகவும் அவற்றின் செய்தி மூளையை எட்டுகிறது. அப்போது பசி மறைகிறது, உறக்கம் குலைகிறது, உடல் அயர்கிறது, எதிலும் நாட்டமில்லாமல் தனிமையை மனம் நாடுகிறது. நோயுற்ற விலங்குகளிடம் காணப்படும் இத்தகைய மாற்றங்கள் நோயின் பக்கவிளைவுகள் மட்டுமல்ல, ஆற்றலைச் சேமித்துத் தொற்றை எதிர்க்க உடல் மேற்கொள்ளும் ஒழுங்கமைந்த ஏற்பாடு என்று பெஞ்சமின் ஹார்ட் 1988இல் விளக்கினார். மனச்சோர்வின் அறிகுறிகளுக்கும் இந்த நோயுற்ற நடத்தைக்கும் இடையிலான ஒற்றுமை ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்தது. 1991இல் ஆர். எஸ். ஸ்மித் என்பவர், வெள்ளணு வகைகளுள் ஒன்றான மேக்ரோஃபேஜ்கள் அளவுக்கு மீறிச் சுரக்கும் பொருள்களே மனச்சோர்வுக்குக் காரணம் என்ற கருதுகோளை முன்வைத்தார். அதே காலத்தில் பெல்ஜியத்தைச் சேர்ந்த மைக்கேல் மேஸ் மனச்சோர்வு நோயாளிகளின் இரத்தத்தில் அழற்சியின் அடையாளங்களை அளந்து காட்டத் தொடங்கினார்.

எனினும் மனச்சோர்வு நோயாளிகள் அனைவரிடமும் அழற்சி இருப்பதில்லை. 2019இல் இமானுவேலே ஒசிமோவும் பிறரும் முப்பது ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுதிரட்டிப் பகுத்தபோது, மனச்சோர்வு நோயாளிகளுள் ஏறத்தாழ 27 விழுக்காட்டினருக்கு மட்டுமே சி.ஆர்.பி. அளவு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருந்தது. நால்வரில் ஒருவர் என்ற இந்த விகிதத்தை நினைவில் இருத்திக்கொண்டால்தான் பின்வரும் சான்றுகளைச் சரியாக எடைபோட முடியும்.

மருந்தும் சோதனையும் தந்த சான்று

அழற்சி மனநிலையை மாற்றக்கூடியது என்பதற்கு மிக வலுவான சான்று எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. ஹெபடைட்டிஸ்-சி தொற்றுக்கும் சிலவகைப் புற்றுநோய்களுக்கும் இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா என்ற சைட்டோகைனே பல ஆண்டுகள் மருந்தாகச் செலுத்தப்பட்டது. அதுவரை மனநோய் ஏதும் இல்லாதிருந்தவர்களிடமும், சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் ஆழ்ந்த சோர்வும் நம்பிக்கையின்மையும் தோன்றின. சிலரிடம் தற்கொலை எண்ணமும் எழுந்தது. அமெரிக்காவில் இம்மருந்தின் குறிப்பேட்டிலேயே மனநல ஆபத்துகள் குறித்த கடுமையான எச்சரிக்கை அச்சிடப்பட்டது. எமரி பல்கலைக்கழகக் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்காக இன்டர்ஃபெரான் பெறவிருந்த 40 பேரில் ஒரு பகுதியினருக்கு மனச்சோர்வு மருந்தான பராக்செட்டினும் மற்றவர்களுக்கு மருந்தற்ற ஒப்புமை மாத்திரையும் முன்கூட்டியே தரப்பட்டன. ஒப்புமை மாத்திரை பெற்றோரில் 45 விழுக்காட்டினர் மனச்சோர்வுக்கு உள்ளானபோது, பராக்செட்டின் பெற்றோரில் 11 விழுக்காட்டினரே அதற்கு உள்ளாயினர். நோய் எதிர்ப்புப் புரதம் ஒன்றை உடலில் செலுத்தினால் மனச்சோர்வு உண்டாகும் என்பதும், அதை முன்கூட்டியே தடுக்க முடியும் என்பதும் இவ்வாறு ஒருங்கே புலனாயின.

நலமுடைய தன்னார்வலர்களிடம் நடந்த சோதனைகள் இதை மேலும் கூர்மையாக்கின. பாக்டீரியாவின் வெளிச்சுவரிலிருந்து எடுக்கப்படும் எண்டோடாக்சினை மிகச் சிறிய, தீங்கற்ற அளவில் செலுத்தினால் சில மணி நேரத்துக்கு மட்டும் அழற்சி எழுந்து அடங்கும். லாஸ் ஏஞ்சலிஸில் நவோமி ஐசன்பெர்கரும் அவருடைய குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், எண்டோடாக்சின் பெற்றவர்களின் மனநிலை தாழ்ந்ததோடு, பிறரிடமிருந்து தாம் அறுபட்டுப்போனதான உணர்வும் அவர்களிடம் மிகுந்தது. அவர்களைச் சுற்றி இருந்த மனிதர்கள் மாறவில்லை. மாறியது உடலின் வேதியியல் மட்டுமே. தற்கொலை பற்றி உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் 2005இல் முன்வைத்த கோட்பாடு, எவரோடும் தனக்கு ஒட்டில்லை என்ற உணர்வையும், தான் பிறருக்குச் சுமை என்ற எண்ணத்தையும் தற்கொலை விருப்பத்தின் இரு வேர்களாகக் கொள்கிறது. அவ்வேர்களுள் ஒன்றுக்கு அழற்சியும் நீர் வார்க்கக்கூடும் என்பதை இச்சோதனை உணர்த்துவதால், மனச்சோர்வையும் கடந்து தற்கொலை பற்றிய ஆய்வுக்கும் அது இன்றியமையாததாகிறது.

மூளைத் தண்டுவட நீரும் இரத்தமும்

தற்கொலைக்கு முயன்று உயிர் பிழைத்தவர்களை நேரடியாக ஆராய்ந்த பணிகளுள் சுவீடனின் லுண்ட் நகரில் நடந்தவை முதன்மையானவை. டேனியல் லிண்ட்குவிஸ்ட், லெனா புருண்டின் ஆகியோரின் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில், தற்கொலைக்கு முயன்ற 63 பேரின் மூளைத் தண்டுவட நீரில் இருந்த இன்டர்லூக்கின்-6, நலமுடைய 47 பேரின் அளவோடு ஒப்பிடப்பட்டது. முயன்றவர்களிடம் அந்த அளவு உயர்ந்திருந்தது. மனச்சோர்வின் அறிகுறிகள் கடுமையாக இருந்தவர்களிடம் அது மேலும் மிகுந்திருந்தது. மூளையைச் சூழ்ந்துள்ள இந்நீர், கையின் இரத்தநாளத்திலிருந்து எடுக்கப்படும் இரத்தத்தைக் காட்டிலும் மூளையின் நிலையை நெருக்கமாகக் காட்டவல்லது என்பதே இவ்வாய்வின் சிறப்பு.

ஆனால் மனச்சோர்வு இருப்பவர்களிடம் அழற்சி மிகுந்திருப்பதும், தற்கொலைக்கு முயன்றவர்களுள் மனச்சோர்வு உள்ளவர்கள் மிகுந்திருப்பதும் உண்மையாயின், இவ்விரண்டும் சேர்ந்தே மேற்கண்ட உயர்வை உண்டாக்கியிருக்கலாம் அல்லவா? இந்த ஐயத்தைத் தீர்க்க, ஒரே நோய் உடையவர்களுக்குள் தற்கொலை எண்ணம் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட வேண்டும். இத்தகைய ஒப்பீட்டை 2013இல் மேற்கொண்ட ஈஃபா ஓ'டானவனும் பிறரும், மனச்சோர்வின் கடுமையைக் கணக்கில் கொண்ட பின்னரும், தற்கொலை எண்ணம் மிகுந்திருந்த நோயாளிகளிடம் அழற்சி அளவு கூடுதலாக இருந்ததைக் கண்டனர். 2015இல் கார்மன் பிளாக், பிரையன் மில்லர் ஆகியோர் பதினெட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், தற்கொலைச் சார்புடைய நோயாளிகளை அச்சார்பற்ற நோயாளிகளிடமிருந்து பிரித்துக்காட்டும் பொருள்களாக இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-1 பீட்டா ஆகியவை மேலெழுந்தன. ஆக, அழற்சிக்கும் தற்கொலைச் சார்புக்கும் உள்ள தொடர்பு மனச்சோர்வின் நிழல் மட்டுமன்று என்று கொள்ள இடமிருக்கிறது.

டிரிப்டோஃபேன் திசைமாறும் பாதை

சைட்டோகைன் உயர்வு எவ்வாறு எண்ணங்களைத் தொடுகிறது என்பதற்கு இன்று கிடைக்கும் விளக்கங்களுள் மிகத் தெளிவானது டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைப் பற்றியது. உணவின் மூலமே உடல் பெறக்கூடிய இவ்வமிலத்தின் சிறு பகுதி செரட்டோனினாக மாறுகிறது. மிகப் பெரும்பகுதி கைனுரெனின் என்ற பொருளாக மாறிச் சிதைகிறது. அழற்சி எழும்போது, சைட்டோகைன்கள் இன்டோலமைன் டைஆக்சிஜனேஸ் என்ற நொதியைத் தூண்டுவதால், டிரிப்டோஃபேன் கைனுரெனின் பாதையில் இன்னும் விரைவாகத் திருப்பப்படுகிறது. செரட்டோனின் குறைபாடு பற்றிய 1970களின் கண்டுபிடிப்பும் அழற்சி பற்றிய இன்றைய கண்டுபிடிப்பும் சந்திக்கும் இடம் இதுவெனக் கருதலாம்.

கைனுரெனின் மூளைக்குள் சென்றபின் இரு வேறு திசைகளில் பிரிகிறது. ஆஸ்ட்ரோசைட் என்ற துணை உயிரணுக்களில் அது கைனுரெனிக் அமிலமாகிறது. மூளையின் காவல் உயிரணுக்களான மைக்ரோகிளியாவில் குயினோலினிக் அமிலமாகிறது. நரம்பணுக்களைக் கிளர்ச்சியுறச் செய்யும் குளூட்டமேட் என்ற செய்திப்பொருளை ஏற்கும் வாயில்களுள் ஒன்று என்.எம்.டி.ஏ. ஏற்பி. கைனுரெனிக் அமிலம் அதை அடக்குகிறது, குயினோலினிக் அமிலமோ அதைத் தூண்டுகிறது. தூண்டல் அளவு கடந்தால் நரம்பணுக்களுக்கே கேடு நேரும். சோஃபி எர்ஹார்ட், புருண்டின் ஆகியோரின் குழு 2013இல், தற்கொலைக்கு முயன்றவர்களின் மூளைத் தண்டுவட நீரில் குயினோலினிக் அமிலம் கணிசமாக உயர்ந்திருந்ததையும், இறக்க வேண்டும் என்ற உறுதி எவ்வளவு வலுவாக இருந்ததோ அவ்வளவுக்கு அது மிகுந்திருந்ததையும், முயற்சிக்குப் பின் ஆறு மாதங்களுக்குள் மீண்டும் பரிசோதனைக்கு வந்தவர்களிடம் அது குறைந்திருந்ததையும் வெளியிட்டது. குயினோலினிக் அமிலம் உருவாகாமல் வேறு வழியில் திருப்பிவிடும் நொதி ஒன்றின் செயல்பாடு இத்தகையவர்களிடம் குன்றியிருக்கக்கூடும் என்ற கருத்தை 2016இல் அதே ஆய்வாளர்கள் முன்வைத்தனர்.

கீட்டமின் என்ற மயக்க மருந்து, குறைந்த அளவில் தரப்படும்போது தற்கொலை எண்ணத்தைச் சில மணி நேரத்தில் தணிப்பது ஏன் என்ற புதிருக்கும் இங்கே ஒரு குறிப்புக் கிடைக்கிறது. குயினோலினிக் அமிலம் தூண்டும் அதே என்.எம்.டி.ஏ. ஏற்பியைத்தான் கீட்டமின் அடைக்கிறது. அதன் ஒரு வடிவமான எஸ்கீட்டமினைப் பிற மருந்துகளுக்கு இணங்காத மனச்சோர்வுக்காக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019இல் ஏற்றது. 2020இல் உடனடித் தற்கொலை எண்ணத்தோடு கூடிய மனச்சோர்வுக்கும் அந்த ஒப்புதல் நீட்டிக்கப்பட்டது. ஆனால் தற்கொலையைத் தடுப்பதில் இம்மருந்தின் பயன் மெய்ப்பிக்கப்படவில்லை என்ற வாசகம் அதன் குறிப்பேட்டிலேயே இடம்பெற்றுள்ளது. சோர்வின் அறிகுறிகள் தணிவதும் உயிரிழப்பு குறைவதும் வெவ்வேறு அளவுகோல்கள் என்பதை இதிலிருந்து உணரலாம்.

மூளைத் திசுவில் கண்டவை

மைக்ரோகிளியாவின் பங்கை மூளைத் திசுவிலேயே தேடிய ஆய்வுகளும் உண்டு. ஜெர்மனியின் யோஹான் ஸ்டைனரும் பிறரும் 2008இல் இறந்தோரின் மூளைகளை ஒப்பிட்டபோது, தற்கொலையால் இறந்தவர்களிடம் மைக்ரோகிளியாவின் அடர்த்தி கூடியிருந்தது. அவர்களுக்கு இருந்தது மனச்சோர்வா மனச்சிதைவா என்பதைவிட அவர்கள் எவ்வாறு இறந்தனர் என்பதோடுதான் அவ்வடர்த்தி மிகுதியும் ஒத்துப்போனது. சிகாகோவில் கன்ஷியாம் பாண்டே 2012இல் வெளியிட்ட ஆய்வில், தற்கொலையால் இறந்த பதின்பருவத்தினரின் முன்மூளைப் புறணியில் அழற்சிச் சைட்டோகைன்கள் உயர்ந்திருந்தன. முடிவெடுத்தலுக்கும் உந்துதலை அடக்குவதற்கும் முன்மூளைப் புறணி இன்றியமையாதது என்பதால் இக்கண்டுபிடிப்பு தனிக் கவனம் பெறுகிறது.

உயிரோடிருப்பவர்களின் மூளையை பெட் வருடி மூலம் படம்பிடிக்கும் ஆய்வுகள் இதற்கு அடுத்த படியாக வந்தன. மைக்ரோகிளியா கிளர்ந்தெழும்போது மிகும் டி.எஸ்.பி.ஓ. என்ற புரதத்தைக் கதிரியக்கச் சுவடுகொண்டு அளக்கும் இம்முறையால், டொரோண்டோவில் 2015இல் மனச்சோர்வு நோயாளிகள் 20 பேரும் நலமுடையோர் 20 பேரும் ஒப்பிடப்பட்டனர். நோயாளிகளிடம் முக்கியமான மூளைப் பகுதிகளில் இப்புரதத்தின் அளவு ஏறத்தாழ 30 விழுக்காடு கூடியிருந்தது. மான்செஸ்டரில் 2018இல் வெளியான ஆய்வு, மனச்சோர்வு நோயாளிகளுள் தற்கொலை எண்ணம் உடையவர்களிடமே இவ்வுயர்வு முனைப்பாக இருந்ததைக் காட்டியது. இவ்வகை ஆய்வுகளில் பங்கேற்போர் மிகச் சிலர் என்பதும், டி.எஸ்.பி.ஓ. மைக்ரோகிளியாவுக்கு மட்டுமே உரிய புரதம் அன்று என்பதும் இச்சான்றின் எல்லைகள்.

மக்கள்தொகை அளவில்

ஆய்வகச் சான்றுகளில் இல்லாத எண்ணிக்கைப் பலத்தை டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகள் அளிக்கின்றன. 1980 முதல் 2011 வரை அந்நாட்டில் வாழ்ந்த எழுபது இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து 2016இல் வெளியான ஆய்வில், தொற்றுநோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தவர்களுக்குத் தற்கொலையால் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 42 விழுக்காடு மிகுந்திருந்தது. ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட முறை தொற்றுக்காகச் சேர்க்கப்பட்டவர்களுக்கு அபாயம் ஏறத்தாழ மும்மடங்காக இருந்தது. தொற்றுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அபாயமும் படிப்படியாக உயர்வது, இவ்வுறவு வெறும் தற்செயல் அன்று என்பதற்கான அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. அறிகுறிகள் ஏதுமின்றி உடலில் நெடுநாள் தங்கும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியைப் பற்றி 45,788 டேனியத் தாய்மாரிடம் நடந்த ஆய்வும், அத்தொற்று உடையவர்களிடம் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் அபாயம் ஒன்றரை மடங்கு மிகுந்திருந்ததாக 2012இல் அறிவித்தது.

ஆயினும் நோய் என்பது அழற்சியோடு முடிவதன்று. அது வலி, வருவாயிழப்பு, கடன், பிறரைச் சார்ந்திருக்கும் நிலை ஆகியவற்றையும் கொண்டுவருகிறது. இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022ஆம் ஆண்டுக்குப் பதிவு செய்த 1,70,924 தற்கொலைகளில் 18.4 விழுக்காட்டுக்கு நோயே காரணமாகக் குறிக்கப்பட்டுள்ளது. மனநோயும் நாட்பட்ட உடல்நோய்களும் ஒரே தலைப்பில் அடங்கும் இக்கணக்கில், உயிர்வேதியியலின் பங்கு எவ்வளவு, துன்பத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை. நோயுற்றவர் தற்கொலைக்கு அருகே செல்வதற்கு அழற்சியும் வாழ்க்கைச் சிதைவும் ஒருசேரக் காரணமாகலாம் என்பதே பொறுப்பான கூற்று.

காரணமா, உடன்நிகழ்வா

அழற்சியும் தற்கொலைச் சார்பும் ஒன்றாகக் காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்று முடிவு கட்ட இயலாது. கொழுப்புத் திசு தானே இன்டர்லூக்கின்-6 சுரப்பதால் உடல்பருமன் அழற்சியை உயர்த்துகிறது. புகைத்தலும் உறக்கமின்மையும் அவ்வாறே. மனச்சோர்வு வந்தபின் உணவும் உறக்கமும் உடலியக்கமும் குலைவதால், அழற்சி நோயின் விளைவாகவும் இருக்கலாம். இவற்றோடு குழந்தைப் பருவத் துன்பமும் சேர்கிறது. நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972, 1973 ஆகிய ஆண்டுகளில் பிறந்தவர்களைத் தொடர்ந்து கண்காணித்து வரும் ஆய்வின் தரவுகளைக்கொண்டு அந்திரேயா டனேசேயும் பிறரும் 2007இல் வெளியிட்ட முடிவின்படி, சிறு வயதில் கொடுமைக்கு ஆளானவர்களின் உடலில் 32 வயதிலும் அழற்சி அளவு உயர்ந்திருந்தது. குழந்தைப் பருவக் கொடுமை தற்கொலை அபாயத்தையும் தன்னளவில் உயர்த்துவதால், அழற்சி அத்துன்பத்துக்கும் பிற்கால அபாயத்துக்கும் இடையே பாலமாக நிற்கிறதா, அல்லது அத்துன்பத்தின் மற்றொரு தழும்பாக மட்டும் உள்ளதா என்ற கேள்வி எழுகிறது.

இச்சிக்கலை அவிழ்க்க இரு வழிகள் உதவுகின்றன. முதலாவது, காலவரிசையைப் பார்ப்பது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்வில், ஒன்பது வயதில் இன்டர்லூக்கின்-6 மிகுந்திருந்தவர்களுக்குப் பதினெட்டாம் வயதில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடியிருந்ததைக் கோலம் கந்தேக்கரும் பிறரும் 2014இல் காட்டினர். அழற்சி முந்தி நோய் பிந்தியது என்பதற்கு இது சான்று. இரண்டாவது, மரபணுக்களின் துணையை நாடுவது. பிறப்பிலேயே அமையும் மரபணு வேறுபாடுகள் பிற்கால வறுமையாலோ புகைத்தலாலோ மாறுவதில்லை. ஆகவே இன்டர்லூக்கின்-6 செயல்பாட்டை உயர்த்தும் மரபணு அமைப்புடையவர்களிடம் தற்கொலைச் சார்பும் மிகுந்திருந்தால், காரண உறவுக்கு அது வலுச் சேர்க்கும். மியூனிக்கின் நில்ஸ் கப்பெல்மனும் பிறரும் 2021இல் இம்முறையில் மனச்சோர்வின் அறிகுறிகளைத் தனித்தனியே ஆராய்ந்தபோது, இன்டர்லூக்கின்-6 செயல்பாட்டோடு தொடர்புற்றதாகத் தற்கொலைச் சார்பே தெரியவந்தது. மனச்சோர்வு முழுவதையும் விளக்க முயலாமல் அதன் குறிப்பிட்ட கூறுகளை விளக்கும்போதுதான் அழற்சிக் கோட்பாடு உறுதி பெறுகிறது என்பது இவ்வாய்விலிருந்து பெறத்தக்க பாடம்.

மருந்துச் சோதனைகள் கற்பித்தவை

அழற்சியைத் தணித்தால் மனச்சோர்வு தணியுமா என்பதைச் சோதித்த முயற்சிகளும் இதே பாடத்தை உரைக்கின்றன. சார்லஸ் ரெய்சன், ஆண்ட்ரூ மில்லர் ஆகியோரின் குழு, மூட்டுவாதத்துக்கும் குடல் அழற்சி நோய்க்கும் பயன்படும் இன்ஃப்ளிக்சிமாப் என்ற மருந்தைப் பிற மருந்துகளுக்கு இணங்காத மனச்சோர்வு நோயாளிகள் 60 பேரிடம் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டது. ஒட்டுமொத்தத்தில் இம்மருந்து ஒப்புமை மருந்தைவிடச் சிறக்கவில்லை. ஆனால் சி.ஆர்.பி. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களிடம் பயன் தெரிந்தது. குறைவாக இருந்தவர்களிடமோ ஒப்புமை மருந்தே மேலாக இருந்தது. பாகிஸ்தானில் இருதுருவ மனச்சோர்வு நோயாளிகள் 266 பேரிடம் மினோசைக்ளின், செலிகாக்சிப் ஆகிய மருந்துகளைச் சோதித்து 2020இல் வெளியான பெரிய ஆய்வில், அழற்சி உள்ளவர்களைத் தேர்ந்தெடுக்காமல் அனைவருக்கும் கொடுத்துப் பார்த்தபோது பயன் ஏதும் தென்படவில்லை.

எனவே அழற்சி எதிர்ப்பு மருந்துகளைத் தாமாகவே வாங்கி உண்பது பயனற்றது, அது ஆபத்தானதும்கூட. அழற்சியைத் தணிக்கும் வலிநிவாரணிகள் நெடுநாள் பயன்பாட்டில் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் பாதிக்கக்கூடும். இன்ஃப்ளிக்சிமாப் போன்றவை உடலில் உறங்கிக்கிடக்கும் காசநோயைத் தட்டி எழுப்பக்கூடும் என்பது, காசநோய்ச் சுமை மிகுந்த இந்தியாவில் அலட்சியப்படுத்தத் தகாத செய்தி.

இரத்தப் பரிசோதனை ஒன்றால் தற்கொலையை முன்னறிய முடியுமா என்ற எதிர்பார்ப்பும் இவ்விடத்தில் சீர்தூக்கத் தக்கது. மனச்சோர்வு நோயாளிகளுள் நால்வரில் ஒருவருக்கு சி.ஆர்.பி. உயர்ந்திருக்க, தற்கொலையால் இறப்பவர்களோ மிகச் சிலராக இருக்கும்போது, உயர்ந்த அளவைக் கண்டு எச்சரித்தால் பெருந்திரளானோர் காரணமின்றி அச்சுறுத்தப்படுவர். அதைவிடக் கொடிதாக, அளவு இயல்பாக இருப்பதாலேயே உண்மையான ஆபத்தில் இருக்கும் சிலர் பாதுகாப்பானவர் என்று திருப்பி அனுப்பப்படுவர். ஐம்பது ஆண்டுகளில் வெளியான 365 ஆய்வுகளைத் தொகுத்து ஜோசப் ஃபிராங்க்ளினும் பிறரும் 2017இல் வெளியிட்ட பகுப்பாய்வு, அறியப்பட்ட எந்தக் காரணியும் தனியாகத் தற்கொலையை முன்னறியும் ஆற்றல் தற்செயலைவிடச் சிறிதளவே மேலானது என்று காட்டியது. அழற்சி அளவீடு ஒருநாள் தக்க சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க உதவலாம். ஒருவரின் உயிராபத்தை அளக்கும் கருவியாக அதைக் கொள்வது பிழை.

இன்று செய்யத்தக்கவை

இச்சான்றுகள் அனைத்தையும் ஒருங்கே நோக்கும்போது, அழற்சி தற்கொலையின் தனிக் காரணம் அன்று என்பதும், மனச்சோர்வு நோயாளிகளுள் ஒரு பகுதியினரிடம் துன்பத்தைக் கூர்மையாக்கி, பிறரோடு உள்ள பிணைப்பை மங்கச்செய்து, ஆபத்தை மிகுவிக்கும் காரணியாக அது செயல்படக்கூடும் என்பதும் புலனாகின்றன. இதிலிருந்து உடனே பின்பற்றத்தக்க கடமை ஒன்று பிறக்கிறது. மூட்டுவாதம், காசநோய், நீரிழிவு, கல்லீரல் நோய், புற்றுநோய் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறுவோரிடம் மனநிலை குறித்தும் தற்கொலை எண்ணம் குறித்தும் மருத்துவர்கள் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். மனச்சோர்வுக்காக வருவோரின் உடல்நோய்களையும் உறக்கத்தையும் எடையையும் புகைப்பழக்கத்தையும் மனநல மருத்துவர் கவனிக்க வேண்டும். தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பதை ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன. உடல் ஒரு துறைக்கும் மனம் மற்றொரு துறைக்கும் உரியவை என்ற பிரிவினையால், இரு துறைகளின் பார்வைக்கும் தப்பிவிடும் நோயாளியே பேராபத்தில் இருக்கிறார்.

குடும்பத்தாருக்கும் இவ்வறிவு தேவை. காய்ச்சலில் கிடப்பவரிடம் எழுந்து நட என்று எவரும் கடிந்துகொள்வதில்லை. ஆனால் மனச்சோர்வில் ஒடுங்கியிருப்பவரைச் சோம்பேறி என்றும் மனவலிமையற்றவர் என்றும் குறைகூறும் வழக்கம் இன்றும் நீடிக்கிறது. அவருடைய அயர்வுக்கும் விலகலுக்கும் பின்னே நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கை இருக்கக்கூடும் என்று அறிவது, அப்பழியை அவர்மீதிருந்து இறக்கிவைக்க உதவும்.

உயிர்வேதியியலின் வழியே புதிய மருந்துகள் வரும்வரை காத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து நகரங்களில், தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், சிறிது நேர ஆலோசனையும், அதன்பின் பதினெட்டு மாதங்கள் தொலைபேசி வழியாகவோ நேரிலோ தொடர்ந்து நலம் விசாரிக்கும் ஏற்பாடும் பெற்றவர்களுள் தற்கொலையால் இறந்தவர்கள் 0.2 விழுக்காட்டினர்; வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுள் 2.2 விழுக்காட்டினர். பிறரிடமிருந்து அறுபட்டதான உணர்வை அழற்சி உண்டாக்கக்கூடும் என்று ஆய்வகம் காட்டுகிறது. அறுபடாமல் பிடித்துக்கொள்ளும் தொடர்பு உயிர்காக்கும் என்று இந்த ஐந்து நகரங்களின் அனுபவம் காட்டுகிறது. தற்கொலை எண்ணம் எழும்போது இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணிலும் பேசலாம். அவ்வெண்ணம் உடலின் நோயாலும் மிகுந்திருக்கக்கூடும், சிகிச்சையால் தணியக்கூடும் என்ற செய்தி, அத்துன்பத்தில் இருப்பவருக்கும் அவரைச் சுற்றியுள்ளோருக்கும் உரிய காலத்தில் எட்ட வேண்டும்.